மாடல் ரயில் இன்ஜின் திக்கித் திக்கி ஓடுகிறதா?

ஹெச்ஓ அளவு (1:87, அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு) டீசல் இன்ஜின் மாடல் விட்டுவிட்டு ஓடினால் உடனே மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டாம். தண்டவாளத்து மின்சாரம் சக்கரம் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது. சக்கரத்தில் கருப்பாக அழுக்கு படிந்தால் தொடர்பு விட்டுப்போகும். பெரும்பாலும் கோளாறு அவ்வளவுதான்.

டிஷ்யூ பேப்பரை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போடுங்கள். சொட்டச் சொட்ட வேண்டாம், தீப்பற்றும் திரவம் அது. ஜன்னலையும் திறந்து வையுங்கள். இன்ஜினின் ஒரு முனைச் சக்கரங்கள் பேப்பர் மேல், மறுமுனை வெறும் தண்டவாளத்தில். இன்ஜினைக் கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக மின்சாரம் கொடுங்கள். சக்கரம் சுழலச் சுழலப் பேப்பரில் கருப்புக் கோடுகள் விழும். கோடு விழுவது நிற்கும் வரை பேப்பரை நகர்த்தி நகர்த்திச் செய்யுங்கள். அப்புறம் இன்ஜினைத் திருப்பி மறுமுனை. ரப்பர் வளையம் மாட்டிய சக்கரத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. கீறல் விழுந்தால் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

அச்சு முனைகளுக்கு ஊசி நுனியளவு எண்ணெய் போதும். பிளாஸ்டிக்கைப் பாதிக்காது என்று குறிப்பிட்ட எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெய் பக்கம் போகாதீர்கள், பிசுபிசுத்து உறைந்துவிடும்.