பிரான்ஸ் கெளம்பற பாண்டி பசங்களுக்கு: சிக்கனம்னு நெனச்சி பண்ற தப்புங்க

எங்க முத்தியால்பேட்டைல தெருவுக்கு ரெண்டு சொல்தா வீடாவது, அதாவது பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க வீடு, இருக்கும், பிரான்ஸ் போறதெல்லாம் இங்க புதுசு கெடையாது. நானும் 11 வருஷமா பாரிஸ் பக்கத்துல சார்செல்ல தான் இருக்கேன், இப்போ லீவுல வந்திருக்கேன். செப்டம்பர்ல கெளம்பப்போற பசங்க ரெண்டு பேரு வந்து, அண்ணே அங்க எப்படி சிம்பிளா வாழறதுன்னு கேட்டாங்க. அவங்களுக்கு சொன்னத அப்படியே எழுதறேன்.

மொத தப்பு, எதப் பாத்தாலும் ரூபால பெருக்கிப் பாக்கறது. 1 யூரோவ ஒரு 100 ரூபான்னு வச்சிக்கிட்டா ஒரு நீட்டு ரொட்டியே 100 ரூபாவ தாண்டிடும், அத நெனச்சி மத்தியானம் சாப்பிடாம வேலைக்கு போற பசங்கள நான் பாத்திருக்கேன். அதே பையன் சம்பளத்தையும் 100ஆல பெருக்கி, லட்சக்கணக்குல வருதேன்னு தவணைல புது போன் எடுப்பான், ரெண்டுமே ஒரே கணக்கால வர்ற கோளாறு தான். நான் இப்போ நேரத்துல கணக்கு போடறேன். அங்க கொறஞ்சபட்ச கூலி, கைக்கு வர்றது, மணிக்கு 9 யூரோ சொச்சம். அப்போ ரொட்டி ஏழெட்டு நிமிஷ வேல, தாராளமா வாங்கி சாப்பிடலாம். அந்த போனு? மூணு வாரம் நின்னு வேல செய்யணும்.

ரெண்டாவது, மலிவா வாங்கறதயே சிக்கனம்னு நெனைக்கறது. மொத குளிருக்கு தெருவுல ஒரு மெல்லிசு ஜாக்கெட் வாங்கி போட்டேன், டிசம்பர்ல காய்ச்சல்ல ஒரு வாரம் படுத்து ஒரு வார கூலி போச்சு. எதிர்வீட்டு ஆயா, வில்லியனூர்காரங்க, பாத்துட்டு "வாடா தம்பி"ன்னு எம்மாவுஸ் கடைக்கு கூட்டிட்டு போனாங்க. 1949ல அபே பியேர்னு ஒரு பாதிரியார் ஆரம்பிச்சது அது, வீடு வாசல் இல்லாதவங்க சேந்து, ஜனங்க குடுக்கற பழைய சாமான சரி பண்ணி வித்து பொழைக்கறாங்க. ஆயா ஒரு கம்பளி கோட்ட எடுத்து உள்பக்கத்த வெளிய திருப்பினாங்க, அக்குள் தையல ரெண்டு கையாலயும் இழுத்துப் பாத்தாங்க, காலர மோந்து பாத்தாங்க, ஒவ்வொரு பொத்தானா திருகிப் பாத்துட்டு தான் "இது நிக்கும், எடு"ன்னாங்க. 15 யூரோ. பத்து குளிர தாண்டிடுச்சு, இன்னும் அதான் போடறேன். நம்ம காந்தி வீதி ஞாயித்துக்கெழம மார்க்கெட்ல குனிஞ்சி துணி பொறுக்குன பசங்க, அங்க போனதும் பழசு வாங்க கூச்சப்படறாங்க, அது ஏன்னே எனக்கு புரியல.

தள்ளுபடி சீசன் பத்தியும் சொல்லணும், ஜனவரில ஒண்ணு, ஜூன் கடைசில ஒண்ணு வரும். என்ன வேணும்னு மொதல்லயே எழுதி வச்சிட்டு போங்க, எழுதாதது வாங்காதீங்க.

சாப்பாட்டுல, தெனமும் ஊரு காயே வேணும்னு, பாரிஸ்ல நம்ம தமிழ் கடைங்க இருக்கற லா ஷப்பேலுக்கு ஓடறது பெரிய தப்பு. பிளேன்ல வந்த முருங்கக்காய்க்கு அந்த வெல தான் இருக்கும், மாசத்துக்கு ஒரு தடவ ஆசைக்கு வாங்குங்க, வேணாங்கல. மத்த நாள்ல அந்த மண்ணுல வெளையறத சாப்பிட பழகணும், கோசு, கேரட்டு, அப்புறம் புவாரோன்னு ஒண்ணு, வெங்காயத்தாள் தடியா வளந்தா மாதிரி இருக்கும், பொரியலுக்கும் சாம்பாருக்கும் அருமையா போகும். அங்க ஆரஞ்சு கலர்ல விக்கற பருப்பு நம்ம மைசூர் பருப்பு தான். ஞாயித்துக்கெழம சந்தைக்கு மத்தியானம் கட மூடற நேரத்துல போங்க, மிச்சம் இருக்கறத கொறச்சி குடுத்துடுவாங்க.

காசு செலவாகும்னு ரூமுக்குள்ளயே கெடக்கறதும் தப்பு, ஆளு உள்ளுக்குள்ள நொந்துடுவான். பாரிஸ் நகரத்து நூலகத்துல சேர காசு கெடையாது, ஓர்சே மியூசியம் மாசத்தோட மொத ஞாயிறு இலவசம், முன்கூட்டியே பதிவு மட்டும் பண்ணணும்.

எனக்கு ரொம்ப வலிக்கறது கடைசி தப்பு தான். வருஷம் பூரா அங்க நாலு பேரோட ஒரு ரூம்ல கெடந்துட்டு, லீவுக்கு வரும்போது கடன் வாங்கி ரெண்டு பெட்டி நெறய சென்ட்டும் சாக்லெட்டும் கொண்டுவர்றது. நானும் மூணு தடவ செஞ்சேன், திரும்பிப் போயி எட்டு மாசம் கடன் கட்டினேன். இந்த தடவ அம்மாக்கு மூட்டு வலிக்கு ஒரு நல்ல செருப்பு மட்டும் தான் கொண்டுவந்தேன், அத போட்டுக்கிட்டு அவங்க தெனமும் பீச் வரைக்கும் நடக்கறாங்க.

செப்டம்பர்ல வர்றவங்க இங்கயே குளிர் கோட்டு வாங்கிடாதீங்க. அங்க வந்து அக்டோபர்ல பாத்து எடுக்கலாம், ஆயா இன்னும் அதே வீட்ல தான் இருக்காங்க, கூட வருவாங்க. பெட்டில கோட்டு வைக்கற எடத்துல வீட்ல அரைச்ச கொழம்பு தூள் வச்சிக்கோங்க.