ஏர் ரைபிள் மரக்கட்டை உடைந்தால் சைக்கிள் டியூப் போதும்

ட்ரிகருக்குப் பின்னால், கை பிடிக்கும் கழுத்தில் மரம் பிளந்துவிட்டதா? குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு இரும்புப் பாகத்தைக் கழற்றிவிடுங்கள். உடைந்த இரு முகங்களிலும் அரால்டைட் (எபாக்சி பசை) தடவிப் பொருத்தி, மேலே பாலிதீன் தாள் சுற்றுங்கள். அதன்மேல் பழைய சைக்கிள் டியூபை நீளக் கீற்றாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டி ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள்.

கழுத்து உருண்டையாகவும் ஒரு பக்கம் சரிந்தும் இருப்பதால் இரும்பு கிளாம்ப் அங்கே வழுக்கும். ரப்பரோ சுற்றிலும் ஒரே சீராக அழுத்தும். பசையை மொத்தமாகப் பிதுக்கி வெளியேற்றவும் செய்யாது. பாலிதீனில் அரால்டைட் ஒட்டாது என்பதால் பிறகு பிரிப்பது சுலபம்.

உடைந்த முகத்தை மட்டும் தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தச் சிலாம்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால்தான் பிடிப்பு, கோடும் அப்போதுதான் மறையும். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசையும் வேண்டாம். பொருத்திச் சரிபார்க்கவே அவகாசம் தராது.

நாராக நீளவாக்கில் பிளந்த கட்டைக்குத்தான் இது. குறுக்கே மொட்டையாக முறிந்திருந்தால் பசை மட்டும் தாங்காது, குறிப்பாக ஸ்பிரிங்கால் காற்றை அழுத்திச் சுடும் ஏர் ரைபிளில். அதன் உதைப்பு முன்னும் பின்னும் அடிக்கும். அங்கே உள்ளே துளையிட்டு மரை போட்ட கம்பியும் வைக்க வேண்டும். எண்ணெய் ஊறிய மரமானால், அசிட்டோனால் துடைத்துக் காயவிடாமல் எதுவும் ஒட்டாது.