வெட்டுப்புள்ளி மனத்தோடு காத்திருக்க வேண்டாம்: பொறியியல் பட்டப்பின் விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல்கலைக்கழக அனுமதி என்றதும் எல்லார் மனத்திலும் ஒரே படம்தான் எழுகிறது. உயர்தரப் பெறுபேறு வரும், இசட் புள்ளி வரும், பிறகு ஒருநாள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளியை வெளியிடும். தசமத்துக்குப் பின்னால் வரும் நான்காம் இலக்கத்தில் ஒருவர் பொறியியல் பீடத்துக்குப் போவார், அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்து எழுதியவர் வேறெங்கோ போவார். ஒலுவிலிலோ பேராதனையிலோ மொறட்டுவையிலோ நான்கு ஆண்டுகள் பொறியியல் படித்துவிட்டு, முதுமாணிக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ வெளிநாட்டுக்கு விண்ணப்பித்திருக்கும் பிள்ளையும் தன்னை அறியாமல் அதே மனத்தோடுதான் காத்திருக்கிறார். முடிவு வருவதற்கு ஒரு நாள் உண்டு என்றும், பல்கலைக்கழகங்களை மேலிருந்து கீழாக அடுக்கிய ஒரு பட்டியல் உண்டு என்றும் நம்புகிறார். கடந்த சில ஆண்டுகளாக இப்படிக் காத்திருக்கும் பிள்ளைகளின் கடிதங்களைத் திருத்திக்கொடுக்கும் வேலை எனக்கு வாய்த்திருக்கிறது. நான் காணும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு நம்பிக்கைகளிலிருந்தே பிறக்கின்றன.

முதல் நம்பிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டப்பின் அனுமதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தந்தத் துறைதான். விரிவுரையாளர் குழு விண்ணப்பங்களைப் படிக்கிறது. கலாநிதி மாணவர் என்றால் அவருக்குச் சம்பளம் கொடுக்க எந்தப் பேராசிரியரிடம் ஆய்வுப் பணம் இருக்கிறது என்ற கேள்வியும் அதே மேசையில் எழுகிறது. துறை பரிந்துரைத்த பின்னரே பட்டப்பின் கல்விப் பிரிவு முறைப்படி கடிதம் அனுப்புகிறது. டிசெம்பரில் விண்ணப்பம் மூடப்பட்டால், கலாநிதிக்கான முதல் அழைப்புகள் ஜனவரிக் கடைசியிலிருந்து புறப்படலாம். முதுமாணி முடிவுகள் மார்ச், ஏப்ரல் வரை இழுபடும். சில துறைகள் விண்ணப்பம் வர வர முடிவு சொல்லும், சில மூன்று நான்கு அலைகளாகச் சொல்லும். ஆகவே, அதே துறைக்கு விண்ணப்பித்த நண்பருக்குப் பெப்ரவரியில் கடிதம் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை, ஆகையால் நிராகரிப்புத்தான் என்று கணக்குப் போடுவது பிழையான கணக்கு. அவர் கேட்ட பேராசிரியரிடம் பணம் முன்கூட்டியே உறுதியாகியிருக்கலாம், உங்கள் விண்ணப்பம் இரண்டாவது அலைக்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கலாம்.

இதிலிருந்துதான் கைப்பேசியைத் தடவிக்கொண்டே இருக்கும் நோய் வருகிறது. கல்லடிப் பாலத்தில் தூண்டில் போட்டிருப்பவர்கூட இடையிடையே தலை நிமிர்ந்து வாவியைப் பார்க்கிறார், இந்தப் பிள்ளைகள் நிமிர்வதே இல்லை. நேரக் கணக்கை ஒருமுறை தெளிவாகப் போட்டுக்கொண்டால் பாதி நோய் தீரும். குளிர்காலத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரை நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே காலை ஒன்பதுக்கு அலுவலகம் திறக்கும்போது நமக்கு இரவு ஏழரை, அங்கே மாலை ஐந்துக்கு மூடும்போது நமக்கு அதிகாலை மூன்றரை. பகல் முழுவதும் இணையவாசலைத் திறந்து திறந்து மூடுவதில் எந்தப் பயனும் இல்லை. காலையில் எழுந்து ஒருமுறை பார்த்தால் போதும். அந்த ஒருமுறையில் வேண்டாத அஞ்சல்கள் சேரும் பெட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் விண்ணப்பித்த ஆண்டில், நேர்காணலுக்கு நேரம் கேட்டு ஒரு பேராசிரியர் எழுதியிருந்த மின்னஞ்சல் அந்தப் பெட்டிக்குள் ஒன்பது நாள் கிடந்தது. நான் பதில் எழுதியபோது அவர் வேறொருவரைத் தெரிவுசெய்து முடித்திருந்தார். அதில் குற்றம் சொல்ல என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

அலுவலகத்துக்கு எழுதுவதிலும் இரு துருவங்களைக் காண்கிறேன். ஒருவர் வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார். மற்றவர் ஏப்ரல் பிறந்த பின்னும் கேட்கக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார். துறை அறிவித்த காலம் கடந்துவிட்டாலோ, வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிவிட்டாலோ கேட்பது முழுக்க நியாயமானது. விண்ணப்ப இலக்கம், விண்ணப்பித்த பாடநெறி, வேறிடத்துக்கு எந்தத் திகதிக்குள் பதில் சொல்ல வேண்டும், அதற்குமுன் முடிவு தெரிய வாய்ப்புண்டா என்ற கேள்வி ஆகிய நான்கும் நான்கு வரியில் அடங்கிவிடும். வீட்டு நிலைமை, போர்க்கால இழப்பு, தாயின் நோய் என்பவற்றை அந்தக் கடிதத்தில் எழுதுவோர் உண்டு. அவை உண்மையானவை, பாரமானவை, ஆனால் அந்தக் கடிதத்தைப் பிரிக்கும் எழுதுவினைஞருக்கு அவற்றைக் கொண்டு எதையும் செய்ய அதிகாரம் கிடையாது.

இன்னொன்று, பேராசிரியர் ஒருவர் “உம்மை என் குழுவில் சேர்க்க விரும்புகிறேன்” என்று எழுதினால் அது நல்ல சகுனம், அனுமதி ஆகாது. பட்டப்பின் கல்விப் பிரிவின் கடிதம் கைக்கு வரும்வரை வேலையை விடுவதோ, ஊருக்குச் சொல்வதோ, மற்ற விண்ணப்பங்களைக் கைவிடுவதோ கூடாது.

ஏப்ரல் 15 என்ற திகதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதைக் கேள்விப்பட்டவர்களே அதைத் தவறாகப் புரிந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பட்டப்பின் கல்விக் கழகங்களின் பேரவை நெடுங்காலமாகப் பேணிவரும் தீர்மானம் ஒன்று உண்டு. அதில் ஒப்பமிட்ட பல்கலைக்கழகங்கள், புலமைப்பரிசிலோ கற்பித்தல் உதவியாளர், ஆய்வு உதவியாளர் பதவியோ தர முன்வரும்போது, ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. முன்னரே ஏற்றுக்கொண்டவரும் அந்த நாள் வரை விலகிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டிய சொல் நிதி உதவி என்பதே. சொந்தப் பணத்தில் படிக்கும் முதுமாணி இடத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அதற்குப் பல்கலைக்கழகம் தன் விருப்பப்படி முந்திய திகதியை வைக்கலாம். ஒப்பமிடாத பல்கலைக்கழகங்களுக்கும், பிற நாடுகளுக்கும் அது பொருந்தாது.

நமக்கு மட்டுமே உரிய சிக்கல் ஒன்றும் அங்கே இருக்கிறது. ஏப்ரல் 13, 14 இரண்டும் இங்கே சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. பல்கலைக்கழகப் பதிவாளர் பகுதியும் வங்கியும் மூடியிருக்கும், அதற்கு முன்பின் நாட்களிலும் ஆட்கள் பாதிதான் இருப்பார்கள். வங்கி மீதிக் கடிதமோ, முத்திரையிட்ட பெறுபேற்று ஆவணமோ கேட்டு அந்த வாரத்தில் அலைந்தவர்களுக்குத் தெரியும். அவற்றை மார்ச் முடிவதற்குள் எடுத்து வைத்துவிடுங்கள். அப்போது அங்கே கோடை நேரம் தொடங்கியிருக்கும் என்பதால் வித்தியாசம் ஒன்பதரை மணியாகக் குறைந்திருக்கும். கிழக்குக் கரையில் 15ஆம் திகதி மாலை ஐந்து மணி என்றால் நமக்கு 16ஆம் திகதி அதிகாலை இரண்டரை. இந்த மேலதிக மணித்தியாலங்களை நம்பி இருக்காமல் நம் நாட்காட்டியின் 14ஆம் திகதியையே கடைசி நாளாகக் கொள்ளும் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும்.

நிதிக் கடிதத்தை வாசிக்கத் தெரியாததும் ஒரு தவறே. மாதப்படி ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? கற்கைக் கட்டணம் மட்டும் விலக்கப்பட்டிருக்கிறதா, மாணவர் சேவைக் கட்டணங்களும் சேர்த்தா? மருத்துவக் காப்புறுதியை யார் கட்டுவது? உதவி ஓராண்டுக்கா, ஒழுங்காகப் படிக்கும்வரை தொடருமா? பெரிய தொகையைக் காட்டும் கடிதம் இந்தக் கேள்விகளுக்குப் பிறகு சிறியதாகிவிடுவதும், சிறிய தொகை வாடகை மலிவான ஊரில் பெரியதாகிவிடுவதும் நான் பலமுறை கண்டவை.

இனி இரண்டாவது நம்பிக்கை. கடிதம் வந்ததும் வீட்டுக்கு வரும் முதல் கேள்வி, “அது எத்தினையாம் இடத்துக் கம்பஸ் மனே?” என்பதுதான். கேட்கும் பெரியப்பாவைக் குறை சொல்ல முடியாது, அவருக்குத் தெரிந்த அளவுகோல் அது. பிள்ளையும் அதையே இறுதி அளவுகோலாக எடுத்துக்கொள்ளும்போதுதான் தவறு நேர்கிறது.

தரவரிசை எண் ஒரு கலவை. கலவையில் என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் அதை விழுங்கக் கூடாது. கியூஎஸ் உலகத் தரவரிசையில் நீண்டகாலம் 40 சதவீதம் கல்வியாளர்களிடையே உள்ள நற்பெயருக்கே கிடைத்தது. 2024 பதிப்பில் அதை 30 ஆகக் குறைத்தார்கள். தொழில் வழங்குநரிடையே உள்ள நற்பெயரை 10இலிருந்து 15 ஆக உயர்த்தினார்கள், ஆசிரியர் மாணவர் விகிதத்தை 20இலிருந்து 10 ஆக இறக்கினார்கள். நிலைபேண்தன்மை, பட்டதாரிகளின் வேலைவாய்ப்பு, சர்வதேச ஆய்வு வலையமைப்பு என்று தலா 5 சதவீதத்தில் மூன்று புதிய அளவீடுகளைச் சேர்த்தார்கள். ஒரு பல்கலைக்கழகம் எதையுமே மாற்றாதபோதும் அதன் இடம் மாறுவதற்கு இது போதும். ஷாங்காய் தரவரிசையில் 30 சதவீதம் நோபல் பரிசும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்ற பழைய மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரியது. பொறியியலுக்கென நோபல் பரிசே இல்லை என்பதை நினைத்துக்கொண்டால், கட்டமைப்புப் பொறியியல் படிக்கப் போகிறவருக்கு அந்த எண் எவ்வளவு தூரம் உதவும் என்பது தெரிந்துவிடும். துறைவாரித் தரவரிசை ஓரளவு மேலானது. ஆனால் அமெரிக்காவின் பொறியியல் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் யூ.எஸ். நியூஸ் பட்டியலிலும் மற்றப் பீடாதிபதிகளின் அபிப்பிராயத்துக்குக் கணிசமான பங்கு உண்டு, அபிப்பிராயமோ மெதுவாகத்தான் மாறும்.

எண்கள் தரும் பல்கலைக்கழகமே அவற்றைத் தவறாகத் தந்த சம்பவமும் நடந்திருக்கிறது. 2022இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கல் தாடியஸ், தன் பல்கலைக்கழகம் யூ.எஸ். நியூஸுக்குக் கொடுத்த தரவுகளைக் கேள்விக்குள்ளாக்கி விரிவாக எழுதினார். வகுப்பு அளவு முதலிய சில விபரங்கள் பிழை என்று பல்கலைக்கழகம் பின்னர் ஒப்புக்கொண்டது. இளமாணிப் படிப்புக்கான அந்தப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த கொலம்பியா அதே ஆண்டில் பதினெட்டாம் இடத்துக்கு வந்தது. அங்கே படித்த பிள்ளைகளின் அறிவு அந்த ஒரு கோடையில் பதினாறு படி இறங்கிவிடவில்லை.

எனக்கு நன்றாக நினைவிருக்கும் உதாரணம் வேறு. மாரியில் மட்டக்களப்பு வாவி நிறைந்து படுவான்கரை வயல்கள் மூழ்கும்போது முகத்துவாரத்தை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவது நம் ஊர் வழக்கம். எப்போது வெட்டுவது, எவ்வளவு அகலத்துக்கு வெட்டுவது, வெட்டிய வாயை மணல் எத்தனை நாளில் அடைக்கும் என்பதையே படிக்க விரும்பினார் ஒரு மாணவர். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் உள்ள ஐஎச்இ நிறுவனத்திலிருந்து அவருக்கு அனுமதி வந்தது. தரவரிசையில் தேடிப்பார்த்தார், பெயரே இல்லை. இரண்டு நாள் முகம் வாடிப்போயிருந்தார். அது பட்டப்பின் கல்வி மட்டும் நடத்தும் நீரியல் நிறுவனம், 1957இலிருந்து இயங்குகிறது. இளமாணி மாணவர்களைக் கற்பிக்காத நிறுவனங்களை டைம்ஸ் உயர்கல்வித் தரவரிசை தன் விதிப்படியே சேர்ப்பதில்லை. அதாவது, அந்தப் பட்டியலில் இல்லாதிருப்பது அதன் தரத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. வெள்ளத்தோடு மல்லுக்கட்டியே தன் நிலத்தை மீட்ட ஒரு நாட்டில், முகத்துவாரத்து மணலைப் பற்றிப் பேச ஆட்கள் இருப்பார்கள் என்று சொல்லித்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

எண்ணை விட்டால் எதைப் பார்ப்பது என்று கேட்பார்கள். நீங்கள் சேரப்போகும் ஆய்வுகூடத்தில் இப்போது படிக்கும் இரண்டு மாணவர்களுக்கு எழுதுங்கள். மேற்பார்வையாளர் எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கிறார், கடைசியாகப் பட்டம் பெற்ற மூவர் இப்போது எங்கே இருக்கிறார்கள், பட்டம் முடிக்க அவர்களுக்கு எத்தனை ஆண்டு பிடித்தது என்று கேளுங்கள். பதில் எழுதாத மௌனத்தையும் ஒரு பதிலாகக் குறித்துக்கொள்ளலாம், ஆனால் ஒருவர் மட்டும் மௌனமாக இருந்தால் அவருக்குப் பரீட்சை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தரவரிசையை அங்கீகாரத்தோடு குழப்புவது நம்மிடையே பரவலான தவறு. பொறியியல் பட்டங்களின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கை 1989இல் உருவானது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் அதன் முழு ஒப்பதாரியானது. அந்த உடன்படிக்கை பேசுவது முதற் பட்டத்தைப் பற்றியே. எனவே “இந்த முதுமாணி வாஷிங்டன் உடன்படிக்கைக்குள் வருமா?” என்ற கேள்வியே பொருந்தாது. பட்டயப் பொறியியலாளர் ஆவதற்கான அடித்தளம் உங்கள் இளமாணிப் பட்டம்தான். திரும்பி வந்து அரச சேவையிலோ பல்கலைக்கழகத்திலோ சேர நினைப்பவர், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இங்கே அங்கீகரிக்கப்பட்டதா என்பதை மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது. ஐந்நூறாவது இடமா, ஐம்பதாவது இடமா என்பது அந்தக் கடிதத்தில் வராது.

முகவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலவச ஆலோசனை தரும் முகவருக்குப் பல்கலைக்கழகங்களிடமிருந்து தரகு கிடைப்பது வழக்கம், ஆகவே அவருடைய பட்டியலில் தரகு தராத பல்கலைக்கழகம் இடம்பெறுவது அரிது. “இன்றைக்கே முற்பணம் கட்டினால்தான் இடம்” என்று யார் அவசரப்படுத்தினாலும், அந்தத் திகதி அனுமதிக் கடிதத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, நம்மவர்கள் மிகச் சாதாரணமாகச் செய்யும் ஒரு தவறு. இரண்டு மூன்று இடங்களில் நிதியோடு அனுமதி கிடைத்தவர், ஒன்றை மனத்துக்குள் தீர்மானித்த பிறகும் மற்றவற்றுக்கு வேண்டாம் என்று எழுதாமல் ஏப்ரல் 15 வரை வைத்திருக்கிறார். மறுத்தால் பேராசிரியர் கோபிப்பார் என்ற பயம் ஒரு காரணம், கையில் இருக்கட்டுமே என்ற எண்ணம் இன்னொன்று. பேராசிரியர்கள் அதற்குப் பழகியவர்கள், நன்றி சொல்லி மூன்று வரி எழுதினால் போதும். நீங்கள் விட்டுக்கொடுக்கும் அந்த ஆய்வு உதவியாளர் இடம் பெரும்பாலும் அதே துறையின் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஒருவருக்குத்தான் போகும். கடந்த சித்திரையில் வருடப் பிறப்புக்கு நான்கு நாள் முன்பு இப்படி ஒரு கடிதத்தைக் களுவாஞ்சிக்குடிப் பிள்ளை ஒருவருடன் இருந்து எழுதினேன். அனுப்பிய மறுநாள் காலை அந்தப் பேராசிரியரிடமிருந்து இரண்டு வரிப் பதில் வந்திருந்தது. நேரத்தோடு சொன்னதற்கு நன்றி என்றும், அடுத்தவருக்கு அன்றே எழுதிவிட்டதாகவும் அதில் இருந்தது.