துப்பாக்கிச் சட்டம்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் கடைக்கும் ரேஞ்சுக்கும் போகும் முன்

வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களிலேயே டீம் அவுட்டிங் என்று ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்குக் கூப்பிடுவார்கள். டெக்சஸ், அரிசோனா பக்கம் இது சர்வசாதாரணம். ஆனால் எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 என்று தற்காலிக விசா எதில் வந்திருந்தாலும், துப்பாக்கியோ ஒற்றைத் தோட்டாவோ உங்கள் வசம் இருப்பதை ஃபெடரல் சட்டம் தடை செய்கிறது. 1998இல் வந்த தடை இது. சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் சுட்டாலும் சட்டத்தின் பார்வையில் அது உங்கள் வசம் இருந்ததாகவே கணக்கு. 2022 முதல் அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை.

2019இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ரெஹைஃப் வழக்கு இப்படித் தொடங்கியதுதான். மாணவர் விசாவில் வந்தவர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட பின் ஃப்ளோரிடாவில் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. எச்-1பியில் இருக்கும் யாருக்கும் தான் எச்-1பியில் இருப்பது தெரியும்.

விலக்கு உண்டு. நடைமுறையில் உதவுவது ஹண்டிங் லைசென்ஸ். அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் ஃபெடரல் தடை உங்களைக் கட்டாது. பெரும்பாலான மாநிலங்களில் முதல் உரிமம் எடுக்க ஹண்டர் எஜுகேஷன் வகுப்பை முடிக்க வேண்டும். தவறு நடப்பது தேதியில். கலிஃபோர்னியாவின் ஆண்டு உரிமம் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. எப்போது வாங்கினாலும் ஜூன் 30உடன் முடிந்துவிடும். மே மாதம் வாங்கிவிட்டு ஒரு வருடம் இருக்கிறது என்று ஜூலையில் ரேஞ்சுக்குப் போனால், அன்றைக்கு நீங்கள் தடை செய்யப்பட்டவர். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்த நிமிடமே சிக்கல்.

கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, ஈஏடி என்னும் வேலை அனுமதிக் கார்டு வந்துவிட்டது, வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வேலை அனுமதி வேறு, நிரந்தரக் குடியிருப்பு வேறு. கார்டு கைக்கு வரும்வரை பொறுங்கள். கார்டு வந்த பிறகும் ஒன்றை மறக்க வேண்டாம்: துப்பாக்கி வாங்கியதிலோ வைத்திருந்ததிலோ எடுத்துச் சென்றதிலோ சட்டத்தை மீறி நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானால், கிரீன் கார்டு உள்ளவரையும் நாடு கடத்தலாம். குடியுரிமை உள்ள பக்கத்து வீட்டுக்காரர் அபராதம் கட்டிவிட்டுப் போகும் தவறு உங்களை விமானம் ஏற்றலாம். எனவே வழக்கு என்று வந்தால் குற்றவியல் வழக்கறிஞரோடு குடிவரவு வழக்கறிஞரையும் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கவுண்டரில் நடப்பது

உரிமம் பெற்ற டீலரிடம் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். டிரைவிங் லைசென்ஸில் இருப்பது இப்போதைய முகவரியா என்று முதலில் பாருங்கள். அபார்ட்மெண்ட் மாறிவிட்டு லைசென்ஸை மாற்றாமல் போவதுதான் நம்மவர்கள் அதிகம் திரும்பி வரும் காரணம். குடிமகன் அல்லாதவர் குடிவரவுத் துறை தந்த ஏலியன் எண்ணையோ ஐ-94 எண்ணையோ எழுத வேண்டும். தற்காலிக விசாவில் வந்தவரா என்று ஒரு கேள்வி, ஆம் என்றால் விலக்கு உண்டா என்று அடுத்த கேள்வி. கஞ்சா பயன்படுத்துபவரா என்ற கேள்வியும் உண்டு. மாநிலம் அனுமதித்தாலும் ஃபெடரல் சட்டப்படி அது குற்றம்தான் என்று படிவத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். தெரிந்தே பொய் எழுதினால் 10 ஆண்டு வரை சிறை.

"உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா" என்ற கேள்வியை நிதானமாகப் படியுங்கள். எச்-1பி நண்பருக்காகக் கிரீன் கார்டு உள்ளவர் வாங்கித் தருவது நட்பு அல்ல, குற்றம். வாங்கித் தருபவர், பெறுபவர் இருவருமே தகுதி உள்ளவர்களாக இருந்தாலும் இப்படிப் பொய் சொல்வது குற்றமே என்று 2014இல் அப்ராம்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பின்னணிச் சோதனையில் பதில் தாமதமானால், 21 வயது நிரம்பியவருக்கு 3 வேலை நாட்கள் கழிந்ததும் கொடுத்துவிட ஃபெடரல் சட்டம் இடம் தருகிறது. கொடுப்பதா வேண்டாமா என்பது டீலரின் விருப்பம். கைத்துப்பாக்கியை நீங்கள் வசிக்கும் மாநிலத்து டீலரிடமிருந்து மட்டுமே பெறலாம். இதை எதிர்த்த மான்ஸ் வழக்கு கீழ் நீதிமன்றத்தில் வென்று, 2018இல் ஐந்தாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது.

வீட்டில் அப்பா அம்மா பி-2 விசாவில் வந்து ஆறு மாதம் தங்குகிறார்கள் என்றால், துப்பாக்கி வைத்திருக்கும் சேஃபின் சாவியும் எண்ணும் அவர்களிடம் இருக்கக் கூடாது. எட்டி எடுக்கும் நிலையில் இருப்பதையே வசம் இருந்ததாக வழக்கில் வாதிட முடியும்.

மாநிலத்துக்கு மாநிலம்

டெக்சஸில் வாங்குவதற்கு மாநில அனுமதிச் சீட்டு எதுவும் இல்லை. நியூஜெர்சியில் நீளத் துப்பாக்கிக்கு அடையாள அட்டை, ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி பெர்மிட், அதுவும் 90 நாளுக்குத்தான் செல்லும். மேரிலாந்தில் விரல்ரேகை, 4 மணி நேரப் பயிற்சி, அதில் ஒரு குண்டாவது சுட்டுக் காட்டியபின் கிடைக்கும் எச்க்யூஎல் என்ற கைத்துப்பாக்கி உரிமம், அதற்கும் மேல் 7 நாள் காத்திருப்பு.

கலிஃபோர்னியா தனி உலகம். 30 கேள்விகளில் 23 சரியாக இருந்தால் கிடைக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். பிறகு 10 நாள் காத்திருக்க வேண்டும். கடையில் புதிதாக விற்கும் கைத்துப்பாக்கி ரோஸ்டர் என்னும் மாநிலப் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் புதிய மாடல் ஏறுவதற்கு அரசு மூன்று அம்சங்களைக் கேட்டது: அறையில் தோட்டா இருப்பதைக் காட்டும் குறி, மேகசினைக் கழற்றினால் சுடாத அமைப்பு, சுடும்போது காலித் தோட்டாவில் நுண்ணெழுத்தைப் பதிக்கும் ஊசி. மூன்றாவதைச் செய்து விற்க எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. 2013 மே மாதம் முதல் அது கட்டாயமானதும், புது பிஸ்டல்கள் பட்டியலுக்கு வருவது நின்றுபோனது. மார்ச் 2023இல் போலண்ட் வழக்கில் ஃபெடரல் நீதிபதி மூன்றுக்கும் தடை விதித்தார். மாநிலம் முதல் இரண்டுக்கு மட்டும் மேல்முறையீடு செய்து, தடையை நிறுத்திவைக்கும் உத்தரவும் பெற்றது. நுண்ணெழுத்து விஷயத்தை அப்படியே விட்டுவிட்டது. அதனால்தான் பத்தாண்டு கழித்துச் சில புது மாடல்கள் மட்டும் பட்டியலில் ஏறின.

"சட்டம் ரத்து" என்று வாட்ஸாப்பில் வரும்போது

2022இல் ப்ரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவுகோலை மாற்றியது. துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் நாட்டின் வரலாற்று மரபில் அதற்கு ஒப்பான ஒன்றை அரசு காட்ட வேண்டும் என்றது. அதிலிருந்து வழக்குகள் கொட்டுகின்றன. தலைப்பை மட்டும் பார்த்துக் கடைக்குக் கிளம்புவதுதான் ஆபத்து. மேரிலாந்து எச்க்யூஎல் உரிமம் செல்லாது என்று நவம்பர் 2023இல் நான்காம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஆகஸ்ட் 2024இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு செல்லும் என்றது. இடைப்பட்ட மாதங்களிலும் மேரிலாந்துக் கடைகள் அந்த உரிமத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தன.

மாதம் ஒரு துப்பாக்கி என்ற கலிஃபோர்னியா வரம்பை ஒன்பதாம் சர்க்யூட் ஜூன் 2025இல் ந்குயென் வழக்கில் ரத்து செய்தது. அதே ஆண்டிலேயே சட்டமன்றம் 30 நாளில் 3 என்று புதிய வரம்பை இயற்றியது. 18 முதல் 20 வயதினருக்கு டீலர்கள் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்ற ஃபெடரல் தடை செல்லாது என்று ஜனவரி 2025இல் ஐந்தாம் சர்க்யூட் ரீஸ் வழக்கில் சொன்னது. ஐந்து மாதத்தில் நான்காம் சர்க்யூட் செல்லும் என்றது. ஐந்தாம் சர்க்யூட்டின் எல்லை லூயிசியானா, மிசிசிப்பி, டெக்சஸ். ஆனால் அங்கேயும் அக்டோபர் 2025இல் கீழ் நீதிமன்றம் எழுதிய ஆணை, வழக்குத் தொடுத்தவர்களுக்கும் மனுதாரர் சங்கங்களின் உறுப்பினர்களுக்கும் என்று சுருங்கியது.

ஆகவே எந்தச் செய்தி வந்தாலும், எந்த நீதிமன்றம், யாருக்குப் பலன், நிறுத்திவைப்பு உண்டா, ஆணை எந்தத் தேதியில் அமலாகிறது என்ற நான்கையும் பாருங்கள். டீலரிடம் கேட்டாலே போதும். தன் லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தில் அவர் இதைத் தினமும் கவனிக்கிறார்.

மாநிலம் மாறும்போது

டெக்சஸிலிருந்து கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டுக்கு வேலை மாறினால், கைத்துப்பாக்கி ரோஸ்டரில் இல்லாததாக இருந்தாலும் குடிபெயர்பவர் கொண்டுவரலாம். 60 நாளுக்குள் மாநில நீதித் துறைக்கு 19 டாலர் கட்டணத்துடன் தெரிவிக்க வேண்டும். ஆனால் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் வரக் கூடாது. அந்தத் தடையை மார்ச் 2025இல் ஒன்பதாம் சர்க்யூட் உறுதி செய்துவிட்டது. நியூஜெர்சியின் எட்டிசனுக்கோ ஜெர்சி சிட்டிக்கோ மாறினாலும் 60 நாள் கெடு, 10 தோட்டா வரம்பு இரண்டும் உண்டு.

இறக்குமதியும் எல்லையும்

ஊரில் தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கியைக் கொண்டுவர முடியுமா என்றால், பெட்டியில் போட்டுக் கொண்டுவரவே முடியாது. இங்கே குடியிருப்பவர் உரிமம் பெற்ற டீலர் அல்லது இறக்குமதியாளர் வழியாக துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏடிஎஃப்பின் 6ஆம் எண் படிவத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். வந்து இறங்கும்போது சுங்கத்தில் 6ஏ படிவம். தற்காலிக விசாக்காரருக்கு 6என்ஐஏ என்ற தனிப் படிவம். இந்தியாவிலிருந்து வெளியே அனுப்பும் அனுமதி தனி.

அனுமதி கிடைப்பதும் எளிதல்ல. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி விளையாட்டுக்கு ஏற்ற துப்பாக்கியே இறக்குமதி ஆகலாம். பிஸ்டலுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். நீளம் குறைந்தது 6 அங்குலம், உயரம் 4 அங்குலம், தேற 75 மதிப்பெண். எடையில் ஒரு அவுன்ஸுக்கு 1, 9 மி.மீ. தோட்டாவுக்கு 10, .380 தோட்டாவுக்கு 3, திருகி நகர்த்தும் இலக்குக் குறிக்கு 10. ஆஸ்திரியாவின் க்ளாக் கம்பெனி தன் .380 மாடலை ஜார்ஜியா மாநிலத் தொழிற்சாலையில் செய்து விற்பதற்கு இந்த மதிப்பெண்தான் காரணம். உள்நாட்டில் செய்தால் இந்தக் கணக்கு கிடையாது.

கனடாவின் ஸ்கார்பரோவில் சொந்தக்காரர் வீட்டுக்கு நியூஜெர்சியிலிருந்து காரில் போகிறவர்கள், கிளம்பும் முன் கார் டேஷ்போர்டுப் பெட்டியைப் பாருங்கள். கனடா கைத்துப்பாக்கியின் விற்பனையையும் கைமாற்றத்தையும் அக்டோபர் 2022 முதல் முடக்கிவைத்திருக்கிறது. அமெரிக்க அனுமதி எதுவும் அங்கே செல்லாது. மறந்துவிட்டேன் என்றாலும் துப்பாக்கி பறிமுதல்தான், கைதும் நடக்கும்.

ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையைச் சென்னைப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். ஓரத் தையலில் சிக்கிய ஒற்றைத் தோட்டா, திரும்பி வரும்போது மீனம்பாக்கம் ஸ்கேனரில் தெரிந்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரிந்தே வைத்திருக்கவில்லை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு வழக்கை ரத்து செய்வதுண்டு. அதுவரை விமானமும் போய்விடும், லீவும் முடிந்துவிடும், கைதுப் பதிவு அடுத்த விசா நேர்காணலில் கேள்வியாக வரும். ரேஞ்சுப் பைக்கு வேறு நிறத்தில் ஒன்றை வாங்கி, அதை சேஃபுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.