பொதுப் பாதை அமைக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஒரு பொதுப் பாதை நன்றாக அமைந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் அதில் நடந்து பார்க்க வேண்டும். எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது, எங்கே மண் அரித்துப் போயிருக்கிறது, சேற்றுக்குப் பயந்து மக்கள் எந்தப் பக்கம் புல்லை மிதித்துப் புதுத் தடம் போட்டிருக்கிறார்கள், எல்லாம் கண்முன்னே கிடக்கும். நடப்பவர், ஓடுபவர், சைக்கிளில் போகிறவர், சக்கர நாற்காலியில் வருகிறவர், குழந்தை வண்டி தள்ளுகிறவர், சில இடங்களில் குதிரையில் வருகிறவர் என இத்தனை பேருக்கும் அது ஒரே வழி. ஒருவருக்கு வெறும் எரிச்சலாக இருக்கும் சேற்றுக்குழி, இன்னொருவரை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். இப்படிப்பட்ட குறைகளில் பல, வேலை தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகின்றன. நிலத்தில் இறங்கி நடக்காமல் வரைபடத்தில் கோடு இழுக்கும்போது வருபவை அவை.

தண்ணீர் போகும் வழியை மறப்பது

சரிவான நிலத்தில் பாதை போடுகிறவர்கள் பலரும் மேலிருந்து கீழே நேராக இறக்கிவிடுகிறார்கள். தூரம் குறையும், செலவு குறையும் என்பது கணக்கு. மழைநீரும் அதே வழியைத்தான் தேடுகிறது. இரண்டு மழைக்காலத்தில் பாதை வாய்க்காலாகிவிடும். அதன் பிறகு எத்தனை லோடு ஜல்லி கொட்டினாலும் அடுத்த மழை அதை அடிவாரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பாதை அமைப்பவர்கள் கடைப்பிடிக்கும் பாதி விதி ஒன்று உண்டு: பாதையின் சரிவு, அது கடந்து போகும் நிலச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது. நிலம் 16 சதவீதம் சரிந்தால் பாதை 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் மேலிருந்து வரும் நீர் பாதையைக் குறுக்கே கடந்து மறுபக்கம் இறங்கும். பாதை நெடுக ஓடாது. இதனுடன், இறங்கிக்கொண்டே போகும் பாதையை இடையிடையே சற்று மேலேற்றி மீண்டும் இறக்குவார்கள். அந்தத் தாழ்ந்த இடத்தில் நீர் வெளியேறிவிடும். மண்பாதையில் சுமார் 6 முதல் 15 மீட்டருக்கு ஒரு முறை இப்படிச் செய்தால் ஓடும் நீர் வேகம் பிடிக்க நேரமே இருக்காது.

பாதையைப் பள்ளப் பக்கமாகச் சற்றே சாய்ப்பதும் உதவும். மண்பாதையில் 5 சதவீதம் வரை சாய்க்கலாம். சக்கர நாற்காலி போக வேண்டிய கெட்டித் தளத்தில் குறுக்குச் சாய்வு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; தாண்டினால் நாற்காலி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும், ஒரு கை ஓய்ந்துவிடும். நீளவாக்கில் 5 சதவீதத்துக்குள், அதாவது 20 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் ஏற்றத்துக்குள் இருந்தால் பெரும்பாலோர் சிரமமில்லாமல் ஏறலாம். அதைவிடச் செங்குத்தான இடம் தவிர்க்க முடியாததென்றால் அதைக் குறுகிய தூரத்தோடு நிறுத்தி, அடுத்ததாக ஓய்வெடுக்கச் சமதளம் வைக்க வேண்டும்.

தளத்துக்கான கல் தேர்விலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறதென்று உருண்டைக் கூழாங்கல்லைப் பரப்புவார்கள். உருண்டைக் கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. சக்கரம் புதையும், சைக்கிள் வழுக்கும். முனையுள்ள உடைத்த கல்லும் கல்தூளும் கலந்து, நனைத்து, உருளை ஓட்டி இறுக்கினால்தான் தளம் கெட்டியாகும். அதுவும் சரிவு கூடிய இடத்தில் அரித்துப் போகும் என்பதால் அங்கே மட்டும் தாரோ கான்கிரீட்டோ போடுவது நல்லது.

வேகங்களைக் கணக்கில் எடுக்காதது

நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர், சைக்கிளில் வருகிறவர் 20, 25. இந்த இரண்டும் சந்திக்கும் பாதையை ஒன்றரை மீட்டரில் போட்டுவிட்டு, 'மெதுவாகச் செல்லவும்' என்று பலகை வைப்பதால் பயனில்லை. இருபக்கமும் போக்குவரத்து உள்ள பகிர்வுப் பாதைக்கு 3 மீட்டர் அகலம் தேவை. நெரிசல் கூடினால் இன்னும் அதிகம். இரு ஓரத்திலும் 60 சென்டிமீட்டராவது மரமோ கம்பமோ இல்லாத சமமான இடம் வேண்டும், ஒதுங்குகிறவர் கால் வைக்க. தரையிலிருந்து 3 மீட்டர் உயரம் வரை கிளையோ பலகையோ குறுக்கிடக் கூடாது. குதிரையில் வருகிறவர்களுக்கும் வழி உண்டென்றால் அதைவிடச் சற்று உயரமாகவே கிளைகளை வெட்டி வைக்க வேண்டும்.

வளைவுகளை நான் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. மணிக்கு 25 கிலோமீட்டரில் வரும் சைக்கிள் ஒரு நொடியில் 7 மீட்டர் கடக்கிறது. எதிரே குழந்தை நிற்பதைப் பார்த்து, புரிந்து, பிரேக் பிடிக்க இரண்டரை நொடி ஆனால், பிரேக் பிடிப்பதற்குள்ளேயே 17 மீட்டர் போய்விடும். வளைவின் உட்பக்கம் புதர் மண்டியிருந்தால் அந்த 17 மீட்டர் யாருக்கும் கிடைப்பதில்லை. தயவுசெய்து வளைவின் உட்புறத்தில் அழகுக்காகச் செடி வைக்காதீர்கள்.

சாலையைச் சந்திக்கும் இடம்

பாதை முழுக்க அருமையாக இருந்து, சாலையைக் கடக்கும் இடத்தில் கைவிட்டுவிடும் திட்டங்கள் ஏராளம். 7 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க ஒரு முதியவருக்கு 7, 8 நொடி ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் அந்த நேரத்தில் ஏறக்குறைய 100 மீட்டர் வந்துவிடும். அந்த 100 மீட்டர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதாவது வளைவை ஒட்டியோ மேட்டின் மறுபக்கத்திலோ, கடவை வைக்கக் கூடாது. பாதையைச் சற்று வளைத்தாவது நல்ல பார்வை உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சாலை அகலமானால் நடுவில் நின்று போக ஒரு திட்டு வேண்டும். ஒரு சைக்கிளின் நீளமே கிட்டத்தட்ட 1.8 மீட்டர், திட்டு அதற்கும் குறுகலாக இருந்தால் பின்சக்கரம் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும்.

கார்கள் உள்ளே நுழையாமலிருக்கப் பாதை வாயிலில் கம்பம் நடுவது பழக்கமாகிவிட்டது. இருட்டில், கூட்டத்துக்கு நடுவில், முன்னே போகிறவரின் முதுகுக்குப் பின்னால் அந்தக் கம்பம் தெரிவதில்லை, மோதி விழுகிறார்கள். வாயிலில் பாதையை ஒன்றரை மீட்டர் அகலமுள்ள இரண்டு கிளைகளாகப் பிரித்து நடுவே தாழ்ந்த செடி வைத்தால் காருக்கும் இடமில்லை, மோதவும் ஒன்றுமில்லை. கம்பம் வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒன்றோ மூன்றோ வையுங்கள். இரண்டு வைத்தால் இரு திசையிலிருந்தும் வருகிறவர்கள் நடு இடைவெளியை நோக்கியே பாய்வார்கள்.

பழைய ரயில் தடத்தை நம்புவது

கைவிடப்பட்ட ரயில் தடங்கள் பாதைக்கு ஏற்றவை. ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் சரிவு இயல்பாகவே மென்மையாக இருக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் எல்ராய் – ஸ்பார்ட்டா தடம் 1960களில் இப்படி மாற்றப்பட்டது; 51 கிலோமீட்டர் நீளம், மூன்று சுரங்க வழிகள். ஆனால் தண்டவாளம் அகன்றதும் நிலம் தயார் என்று எண்ணக் கூடாது. மண்ணில் பழைய களைக்கொல்லியும், தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த மரக்கட்டைகளில் பூசிய ரசாயனமும் தங்கியிருக்கலாம். பரிசோதித்தே ஆக வேண்டும். அடியில் போகும் நீர்க்குழாய்கள் அடைத்துக் கிடக்கலாம். நிலம் ரயில்வேக்குச் சொந்தமா, கடந்து போகும் உரிமை மட்டும்தானா என்பதையும் பத்திரத்தில் பார்க்க வேண்டும். உரிமை மட்டுமென்றால், ரயில் நின்றதும் நிலம் பழைய உடைமையாளரின் வாரிசுகளுக்கே திரும்பிப் போகக்கூடும்.

பக்கத்து வீட்டாரைக் கடைசியில் கூப்பிடுவது

வரைபடம் முடிந்த பிறகு நடத்தும் கூட்டத்தில் மக்களுக்கு எதிர்ப்பதைத் தவிர வேறு வேலை மிஞ்சாது. முதலிலேயே அழைத்து, உத்தேச வழியில் அவர்களோடு நடந்தால், தாழ்வான நிலம் எது, மாலையில் எந்த மூலை இருட்டிவிடும், பிள்ளைகள் பள்ளிக்கு எந்தக் குறுக்குவழியில் போகிறார்கள் என்று அவர்களே சொல்வார்கள். புல்லில் தேய்ந்து கிடக்கும் ஒற்றையடித் தடங்களை அழிக்காதீர்கள். மக்கள் எங்கே போக விரும்புகிறார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. பணம் கொஞ்சமாக இருந்தால், முதலில் போடும் துண்டு எவ்வளவு சிறியதானாலும், மக்கள் அன்றாடம் போகிற இரண்டு இடங்களை இணைக்கட்டும். வயல்வெளியில் தொடங்கி வயல்வெளியிலேயே முடியும் இரண்டு கிலோமீட்டருக்கு அடுத்த கட்ட ஆதரவு கிடைப்பது கடினம்.

திறப்பதற்கு முன்பே பராமரிப்பு யாருடையது என்று எழுத்தில் இருக்க வேண்டும். மழைக்கு முன் குழாய் அடைப்பை எடுப்பவர் யார், விழுந்த மரத்தை அகற்றுபவர் யார், வேர் தூக்கிய தாரைச் சரிசெய்யப் பணம் எந்தத் தலைப்பில் வரும் என்பது வரை. அரை கிலோமீட்டருக்கு ஓர் எண் பலகை நட்டு, அந்த எண்கள் குறித்த வரைபடத்தை ஆம்புலன்ஸ் நிலையத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் கொடுத்து வையுங்கள். கால் முறிந்து கிடப்பவர் தொலைபேசியில் அந்த எண்ணைச் சொன்னால் போதும்.