பூனையின் உரோமத்திலிருந்து அதன் மரபணுக்களை அறியும் முறை

பூனையின் நிறம் எவ்வளவு விசித்திரமாகத் தோன்றினாலும், அதன் உரோமத்தில் இருப்பவை இரண்டே நிறமிகள்தாம்: கருமை தரும் யூமெலனின், செம்மஞ்சள் தரும் ஃபியோமெலனின். இவை எங்கே, எவ்வளவு, எவ்வாறு சேர்கின்றன என்பதே மற்ற வேறுபாடுகளுக்கெல்லாம் காரணம். ஆகவே முறையான வரிசையில் பார்த்துச் சென்றால், சோதனைக்கூடத்தின் உதவியின்றியே ஒரு பூனையின் மரபணுக்களைப் பற்றிப் பலவற்றைக் கூறிவிட முடியும்.

முதலில் வெண்மையைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். வெண்மை ஒரு நிறமன்று. அவ்விடத்தில் நிறமியை உண்டாக்கும் உயிரணுக்கள் இல்லை என்பதன் அடையாளம். கருவில் இவ்வுயிரணுக்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வயிற்றையும் பாதங்களையும் நோக்கிப் பரவுகின்றன. கிட் என்னும் மரபணுவுக்குள் பழைய ரெட்ரோவைரஸ் ஒன்றின் மரபுப்பொருள் புகுந்துள்ள பூனைகளில் இப்பரவல் நிறைவடையாததால், வயிறும் பாதங்களும் பெரும்பாலும் வெள்ளையாகவே நின்றுவிடுகின்றன. உடல் முழுதும் வெள்ளையான பூனையில் மற்ற நிற மரபணுக்கள் மறைந்திருக்குமாதலால் அதைக் கண்ணால் ஆராய்வது வீண். ஆனால் இத்தகைய பூனைகளில், குறிப்பாக நீலக்கண் உடையவற்றில், காது கேளாமை மிகுதி என்பதால், அதன் பார்வையில் படாமல் ஓசை எழுப்பிச் செவித்திறனைச் சோதிப்பது அவசியம்.

அடுத்து, எஞ்சிய பகுதியில் செம்மஞ்சள் உண்டா என்று பார்க்க வேண்டும். மிகுந்த கவனம் தர வேண்டிய இடம் இதுவே. எக்ஸ் குரோமோசோமில் ஏஆர்ஹெச்கேப்36 என்னும் மரபணு அமைந்த பகுதியில் ஏறத்தாழ 5,000 டிஎன்ஏ கார இணைகள் விடுபட்டிருப்பதே இந்நிறத்தின் காரணம் என்பதை, ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டும் தனித்தனியே ஆராய்ந்து 2025இல் வெளியிட்டன. கடுவனுக்கு எக்ஸ் ஒன்றே. அதுவும் தாயிடமிருந்து வருவது. எனவே செம்மஞ்சள் கடுவனைக் கண்டால் அதன் தாயிடம் இந்த மாற்றம் இருந்தது என்றும், முழுச் செம்மஞ்சள் பெட்டையைக் கண்டால் அதன் தந்தை செம்மஞ்சள் என்றும் துணிந்து சொல்லலாம்.

பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. மரபியல் அறிஞர் மேரி லயன் 1961இல் எலிகளைக் கொண்டு விளக்கியவாறு, கருவின் தொடக்க நிலையிலேயே ஒவ்வோர் உயிரணுவும் அவற்றுள் ஒன்றைச் செயலற்றதாக்கிவிடுகிறது. எது அடங்கும் என்பது தற்செயல். ஓர் எக்ஸில் மட்டும் மாற்றம் இருந்தால் கருமையும் செம்மையும் கலந்த உடல் அமைகிறது. வெண்மையும் சேர்ந்தால் திட்டுகள் பெரிதாகி மூவண்ணப் பூனையாகிறது. மூவண்ணக் கடுவன் அரிதிலும் அரிது. அதற்குப் பெரும்பாலும் எக்ஸ்எக்ஸ்ஒய் என்ற அமைப்பு இருக்கும், இனப்பெருக்கத் திறன் இராது. 2001இல் டெக்சாஸில் மூவண்ணப் பூனை ஒன்றின் உயிரணுவிலிருந்து படியாக்கம் (குளோனிங்) செய்யப்பட்ட சிசி என்ற குட்டியிடம் செம்மஞ்சள் திட்டு ஒன்றுகூட இல்லை. ஒரே மரபணுத் தொகுதியும் ஒரே உருவைத் தந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிறம் மங்கலாக, அதாவது கருமைக்குப் பதில் சாம்பலாகவும் செம்மைக்குப் பதில் வெளிர்மஞ்சளாகவும் இருந்தால், மெலனோஃபிலின் மரபணுவின் மாறிய வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது பெற்றிருக்கிறது. வரிகளை மதிப்பிடுகையில் ஓர் எச்சரிக்கை: செம்மஞ்சள் பூனையில் வரிகள் எப்போதும் தெரியுமாதலால், அவற்றைக் கொண்டு எதையும் முடிவு செய்யலாகாது. முகம், காது, பாதம், வால் மட்டும் கருத்திருந்தால் அதற்குக் காரணம் சயாமியப் பூனையிடம் காணப்படும், மாறிய வடிவிலான டைரோசினேஸ் என்னும் நிறமி நொதி. அந்த நொதி உடலின் குளிர்ந்த பகுதிகளில் மட்டுமே வேலை செய்வதால்தான் குட்டிகள் வெள்ளையாகப் பிறந்து பின்னர்க் கருக்கின்றன.

இவற்றில் எதனோடும் பொருந்தாத பூனையும் உண்டு. 2007இல் பின்லாந்தில், ஒவ்வொரு முடியும் அடியில் கருத்து நுனியில் வெளுத்த பூனைகள் கவனத்திற்கு வந்தன. அறியப்பட்ட வெண்மை மாற்றங்கள் எவையும் அவற்றை விளக்காததால் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது; கிட் மரபணுவை அடுத்து ஏறத்தாழ 95,000 இணைகள் விடுபட்டிருப்பது தெரிந்து, 2024இல் வெளியாயிற்று. இரு பெற்றோரிடமிருந்தும் வந்தாலன்றி வெளிப்படாத மாற்றம் அது. உங்கள் தெருவில் அத்தகைய பூனை தென்பட்டால், முடியைப் பிரித்து அடியையும் நுனியையும் தனித்தனியே படமெடுத்து, அதன் தாயும் உடன்பிறந்த குட்டிகளும் எந்நிறம் என்பதையும் குறித்து வையுங்கள்.