கேனாட் சேர்த்து, டூ நாட் பிரித்து: ஆஃபீஸ் மெயிலில் குழம்பாமல் எழுத

பெங்களூருவில் எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ வேலைக்குச் சேர்ந்த புதிதில் இங்கிலீஷ் பேச்சை எப்படியாவது சமாளித்துவிடலாம், மானேஜருக்குப் போகிற மெயிலில்தான் கை தயங்கும். 'முடியாது' என்று எழுதும் இடத்தில் கேனாட் ஒரே சொல்லா, கேன் தனி நாட் தனியா?

ஒரே சொல். இடைவெளி கிடையாது, இரண்டு 'என்' அடுத்தடுத்து வரும், அதில் ஒன்றை விழுங்கிவிடாதீர்கள். மற்றதெல்லாம் இரண்டு சொல்: டூ நாட், டஸ் நாட், டிட் நாட், வில் நாட், ஷுட் நாட், மஸ்ட் நாட். கேனாட் சேருகிறதே, குட் நாட்டும் சேரும்தானே என்று தோன்றும். சேராது.

கேனையும் நாட்டையும் பிரித்தே ஆக வேண்டிய ஓர் இடம் இருக்கிறது, அங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 'வீ கேன் நாட் ஒன்லி ஃபிக்ஸ் திஸ் பக் டுடே, பட் ஆல்ஸோ டெஸ்ட் இட்' என்று கிளையன்டுக்கு எழுதுகிறீர்கள். இன்றே சரிசெய்ய முடியும், டெஸ்ட்டும் பண்ண முடியும் என்பதுதான் விஷயம். நாட் இங்கே ஒன்லியோடு போகிறது, கேனோடு இல்லை. சேர்த்து எழுதினால் படிப்பவர் கண்ணில் முதலில் 'முடியாது' என்றே படும். அதனால் வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள்: முடியாது என்று வந்தால் சேர்த்து எழுதுங்கள், முடியும் என்று வந்தால் பிரித்து எழுதுங்கள்.

ஸ்பெல் செக்கை முழுக்க நம்ப வேண்டாம். கேன், நாட் இரண்டும் தனித்தனியே சரியான சொற்கள் என்பதால் பிரித்து எழுதினாலும் சிவப்புக் கோடு வராது. மடிவாளா, பிடிஎம் பக்கம் பிஜி விடுதிச் சுவர்களில் டூநாட் வேஸ்ட் ஃபுட் என்று கேப்பிட்டல் எழுத்தில், டூவும் நாட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும் பிரிண்ட் அவுட்டைப் பார்த்திருப்பீர்கள். எம்எஸ் வேர்டில் முழுக்க கேப்பிட்டலில் இருக்கும் சொல்லைச் சோதிக்காமல் விடுவதுதான் வழக்கமான செட்டிங், அதனால் அந்தப் பிழை மாட்டாது. ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் போய் அப்பர்கேஸ் என்று இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அப்புறம், நீளமான டாக்குமென்டில் பிரிந்து கிடக்கும் கேன் நாட்டை கண்ட்ரோல் ஹெச் போட்டுத் தேடலாம், ஆனால் ரீப்ளேஸ் ஆல் மட்டும் அழுத்தாதீர்கள், நாட் ஒன்லி வரும் வாக்கியமும் சேர்ந்து கெட்டுவிடும்.

சுருக்கி எழுதும்போது எல்லாமே ஒரே சொல்தான்: கான்ட், டோன்ட், டிடின்ட். நாட் என்பதில் விழுந்த 'ஓ' இருந்த இடத்தில் அப்பாஸ்ட்ரஃபி, அதாவது 'என்'னுக்கும் 'டி'க்கும் நடுவில். வில் நாட் மட்டும் வோன்ட் ஆகும், ஏனென்றால் ஒரு காலத்தில் இங்கிலீஷில் வில்லுக்கு வோல் என்றும் ஒரு வடிவம் இருந்தது, அது இந்தச் சுருக்கத்தில் தங்கிவிட்டது. டீம் சாட்டில் இப்படிச் சுருக்கினால் யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. ராஜினாமா கடிதம், வாடகை ஒப்பந்தம் என்றால் முழுதாகவே எழுதுங்கள்.